இடது பக்கத்து ஹாரன்

மாமி ஓர் இடத்துக்கு வருவதற்கு முன்னால் அவருடைய தொண்டை வந்து சேர்ந்துவிடும். முற்றத்துக் குழாயடிக்கு வருகிறார் என்றால் இடைகழியிலேயே ஒரு செருமல் கேட்கும். கொல்லைக்குப் போகிறார் என்றால் சாவிக்கொத்தை ஒருதரம் குலுக்குவார். காக்கைக்குச் சாதம் வைக்கப் போகும்போதுகூட, அது மதில்மேல் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாலும், வந்துட்டேன் வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் போவார்.

மந்தைவெளியில் அந்த வீட்டின் முன்கட்டில் மாமி குடியிருந்தார், பின்கட்டில் நாங்கள். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் வீட்டுக்காரருக்குத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துச் சொல்கிற சுபாவம். வந்த புதிதில் மாமியின் செருமல் எனக்குப் பெரிய ஒத்தாசையாக இருந்தது. அவர் வந்து சேர்வதற்குள் முந்தானையைச் சரிசெய்துகொள்ளலாம். அம்மா நினைப்பில் அழுதுகொண்டிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை ஊதலாம். புகையால் வந்த கண்ணீர் என்று ஆகிவிடும்.

இதை ஒருநாள் மாமியிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"சொல்லிண்டு வரணும்டி கொழந்தே. சொல்லிண்டு போகணும். திடுக்குனு ஒருத்தர் எதிர்ல போய் நிக்கப்படாது."

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட கொட்டகையில் அந்தக் கார் நின்றது. அமெரிக்கக் கார். மாம்பழ நிறம். பின்பக்கம் இரண்டு மூலையிலும் தகடு மேலே எழும்பி, எந்த நேரமும் பறந்துவிடும் போல இருக்கும். தெருப்பிள்ளைகள் அதைக் கப்பல் என்பார்கள். மேலே துணிக்கூரை. வேண்டும்போது மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பழைய கூரை கிழிந்த பிறகு மாமா பந்தல்காரரிடம் சொல்லிப் பச்சைக் கித்தானில் ஒன்று தைத்துப் போட்டிருந்தார். மாமா என்றால் மாமியின் வீட்டுக்காரர். நான் வந்தபோது அவர் இருந்தார்.

ஊருக்குத் திரும்பிப் போன ஓர் அமெரிக்கரிடமிருந்து மாமா வாங்கிய வண்டியாம் அது. அவர்கள் தேசத்தில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார்களாம். மாமா அதைப் புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் விட்டு, ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றினார். எல்லாம் மாறியது, ஹாரன் மட்டும் இடது பக்கத்திலேயே தங்கிவிட்டது. சோடா மூடி அளவுக்கு ஒரு கறுப்புப் பொத்தான். நாளைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள், அதையும் மாற்றித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் மாமி பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். பட்டறைக்காரர் சொன்ன அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

ஆகவே அந்தக் காரை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். மாமா ஓட்டுவார், மாமி ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் யானைக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி கனமாக இருக்கும். ஆனால் மாமி அடித்தால் யாரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்ததில்லை. மாட்டுக்கு மெதுவாக ஒரே ஒரு நீளம். வயசானவர்களுக்குச் சின்னதாய் ஒன்று, அவர்கள் தலை நிமிர்ந்த பிறகு இன்னொன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடிக்கவே மாட்டார், வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். வீட்டுத் தெரு முனை திரும்பும்போது குட்டியாய் இரண்டும் கடைசியில் ஒரு நீளமும். நாங்க வந்துட்டோம் என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்டதும் நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து வைப்பேன்.

கார் என்றால் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் காரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஒருநாள் மழையில் நானும் என் வீட்டுக்காரரும் டாக்சியில் வரவேண்டி வந்தது. பின்னால் துணி மூட்டைகள் இருந்ததால் என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். லஸ் முனையில் ஒரு கிழவர் குறுக்கே வந்தார். நம் வேலை வந்துவிட்டது என்று நான் எதிரிலிருந்த ஒரு பொத்தானைப் பிடித்து அமுக்கினேன். சின்னக் கதவு ஒன்று திறந்து, டிரைவருடைய பீடிக்கட்டும் சீப்பும் வெற்றிலைப் பொட்டலமும் என் மடியில் கொட்டின. டிரைவர் ஒரு கையால் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப உள்ளே போட்டார். என் வீட்டுக்காரர்தான் வீடு வரைக்கும் சிரித்தார். மாமியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பாவம் அந்த டிரைவர், ரெண்டு வேலையும் ஒருத்தரே பார்க்கறார் என்றார்.

மாமா போனது ஒரு மத்தியானம். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். உள்ளே மாமி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, குழாயடியில் என்னிடம் ஒரே ஒருதரம் அதைப் பற்றிப் பேசினார்.

"சொல்லிக்காம போய்ட்டார்டி" என்றார். கோபம் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செருமல் அதிகமானது. ஹாரன் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். தெருவுக்கு வருமுன் ரேழியில் நின்று ஒன்றுக்கு இரண்டு தரம் செருமுவார். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் வாசல்படி தாண்டுவார். அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுவருஷம் வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். நாங்கள் மாம்பலத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டோம். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. கோயம்புத்தூரில் இருந்த தம்பி, ஆடி பிறக்குமுன் வந்துவிடச் சொல்லி ஆள்மேல் ஆள் விட்டார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், வண்டி வாங்கவும் மாட்டார்கள். அதற்குள் கார் போகாவிட்டால் வீடு இடிக்கிறவர்கள் அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவார்கள். பெட்ரோல் விலை ஏறிக் கிடந்த சமயம். இவ்வளவு பெரிய வண்டியை யார் வாங்குவார்கள் என்று தரகர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். தரகரே வேண்டாம் என்று மாமி தானே விற்கத் துணிந்தார்.

கேட்டில் தொங்கவிட ஒரு சிலேட்டில் எழுதித் தரச் சொன்னார். அவருக்குக் கை நடுக்கம். நான் சாக்பீஸால் அழுத்தி அழுத்தி எழுதினேன். கார் விர்க்கப்படும். மாமி தூரத்தில் நின்று பார்த்தார். "அது வல்லின 'ற'டி" என்றார். நான் அழிக்கப் போனேன். "இருக்கட்டும், கையெழுத்து மணிமணியா இருக்கு" என்று தடுத்துவிட்டார்.

வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவார்களா? ஓட்டினால் ஹாரனுக்கு ஆள் வேண்டுமே. மாமி இடது பக்கம் ஏறிக்கொள்வார். தெரியாத ஆண்பிள்ளைகளோடு தனியாகப் போவதாவது என்று பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொள்வார். அந்தச் சித்திரையும் வைகாசியும் எனக்குக் கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கின்றன. அதுவரை நான் மந்தைவெளிக் கடைத்தெருவும் கபாலி கோயிலும் தவிர எதுவும் பார்த்ததில்லை. கித்தானை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. அபிராமபுரத்துத் தெருக்களில் மரங்கள் எல்லாம் மல்லாந்து நீந்திப் போவது போல இருக்கும். அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று மாறும், உப்பு வாசனை வரும். கடற்கரைச் சாலையில் வெயில் தண்ணீர்மேல் சில்லறையைக் கொட்டினாற்போல் கிடக்கும். முன்னால் மாமியின் நரைத்த கொண்டையும், அவ்வப்போது அந்த யானைச் சத்தமும். எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

ஒருநாள் தியாகராய நகரில் என் வீட்டுக்காரருடைய கடை வாசலை ஒட்டியே வண்டி போனது. உள்ளே அவர் ஒரு சேலையின் தலைப்பைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தார். நான் பயந்து மடியைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னைக்கு நம்ம மாமி காரு கடை வாசல்ல போச்சுல்லா. பின்னாடி வாங்க வந்த வீட்டம்மா உக்காந்திருந்தா, மகாராணி கணக்கா" என்றார். நான் குழம்பை ஊற்றினேன். இதுநாள் வரை அவரிடம் சொல்லவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் கடைசியில் ஒரே பேச்சுதான் பேசினார்கள். ஹாரனை முதலில் இந்தப் பக்கம் மாற்றவேண்டும் என்பார்கள். அதோடு மாமியின் முகம் சாத்திக்கொள்ளும். யோசித்துச் சொல்றேன் என்று அனுப்பிவிடுவார். பிறகு என்னிடம் ஏதாவது காரணம் சொல்வார். இவன் கை நிறைய மோதிரம் போட்டிருக்கான், ஸ்டியரிங் கீறிப்போயிடும் என்பார். இன்னொருவருக்குக் காது சரியில்லை. ஒரு சினிமாக் கம்பெனிக்காரர் வந்து மலையிலிருந்து உருட்டிவிட வண்டி வேண்டும் என்றார். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நான் மெல்ல, மாத்தினா மாத்திட்டுப் போறாங்க மாமி என்றேன். அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"அவர் ஓட்டினார்னுதான் எல்லாரும் சொல்வா. பாதி வண்டி நான் ஓட்டினேன்டி."

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. ஆனால் ஆனி பிறந்துவிட்டது.

ஒருநாள் காலையில் ஒரு இளைஞன் தனியாக வந்தான். நல்ல பிள்ளை. அவன் வீட்டில் கல்யாணம். ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளையை உட்காரவைத்து ஊர்வலம் வர, திறந்த கார் தேடிக்கொண்டிருந்தானாம். வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கிவிடலாம் என்று தோன்றியதாம். இடது பக்கத்து ஹாரனைப் பார்த்துச் சிரித்தான். வேடிக்கையா இருக்கே, அப்படியே வெச்சுக்கலாம் என்றான். அம்மாவை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வாசலில் டாக்சி நின்ற சத்தம் கேட்டதும் மாமி எழுந்து போனார். அன்றைக்குச் செருமவில்லை. அந்த ஒரு நாள்தான் மறந்தார். சந்தோஷத்தில் படி இறங்கிக் கேட் வரைக்கும் போய்விட்டார். டாக்சியிலிருந்து இறங்கின அந்த அம்மாள் மாமியின் வெறும் நெற்றியைப் பார்த்தார். ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக அப்படியே நின்றார்.

"கல்யாணக் காரியத்துக்கு வண்டி பார்க்க வந்திருக்கோம். இவங்களா மொதல்ல எதிர்ல வரணும்?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பின்னால் ஏறினான்.

டாக்சி முனை திரும்பி மறைந்தது. மாமி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு, யாருமில்லாத தெருவைப் பார்த்து, ஒருதரம் செருமினார்.

தெருவுக்கு வருமுன் எதற்காக அத்தனை நேரம் ரேழியில் நின்றார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நல்ல காரியமாகக் கிளம்புகிறவர்கள் ஒதுங்கிப் போக இடம் கொடுத்திருக்கிறார். மாட்டுக்கும் கிழவருக்கும் கொடுத்தது போல.

அதற்குப் பிறகு வண்டி பார்க்க யார் வந்தாலும் மாமி உள்ளேயே இருந்தார். இடது பக்கம் நீ உட்கார் என்று என்னை அனுப்பினார். அடுத்து வந்தவர் ஓட்டினார். மந்தைவெளி மார்க்கெட் அருகே தயிர்க்காரி ஒருத்தி கூடையோடு குறுக்கே வந்தாள். என் விரல் பொத்தானுக்குமேல் நின்றது, இறங்கவில்லை. ஊரே திரும்பி என்னைப் பார்க்குமே என்று இருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். தயிர்க்காரி திட்டின திட்டில் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஒரு சத்தமும் கேக்கலையேடி" என்றார் மாமி, உள்ளேயிருந்து. நான் அழுதுவிட்டேன். அவர் என் தலையைத் தொட்டார். "அது உன் கொரல் இல்லடி, வண்டியோடது. அதுக்கு நீ என்னத்துக்கு வெக்கப்படறே?"

ஆனி முடியப் போகிற சமயத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். சாந்தோம் பக்கத்துக் குப்பம். அவர் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். அந்த அம்மாள் மீன் விற்கிறவள். கழுத்தில் மாதா படம் போட்ட சங்கிலி, தலை நிறையக் கனகாம்பரம். முதலில் லாரிக்காரர் கேட்டில் நின்று சிலேட்டைப் படித்தார்.

"கார் விர்ர்...னு போட்டுக்கீது. அவ்ளோ ஸ்பீடா போவுமா இது?"

"நீ ஓட்டுனா கட்ட வண்டியாட்டம் போவும்" என்றாள் அந்த அம்மாள். காரைச் சுற்றி வந்து, பின்பக்கம் எழும்பி நின்ற தகட்டைத் தடவினாள். "யோவ், வஞ்சிரம் வாலு மாதிரியே கீது பாருய்யா."

கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று இரண்டு பேரும் ரொம்ப நாளாய் நினைத்திருந்தார்களாம். அவர் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மாமியின் செருமல் கேட்டது. ஏதோ தண்ணீர் எடுக்க ரேழிக்கு வந்திருப்பார்.

"யாரு உள்ள இருமிக்கினே கீறது? வண்டிக்கார அம்மாவா? வெளிய வரச் சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன். பிறகு எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு விடப்போற வண்டின்னு சொன்னீங்க, மாமி எதிர்ல வந்தா நீங்களும் திரும்பிப் போயிருவீங்களோன்னு அவங்களுக்குப் பயம், ஏற்கனவே ஒருத்தங்க அப்படிப் போயிட்டாங்க, அந்த ஹாரனை மாத்தாம வச்சுக்கிறவங்களுக்குக் குடுக்கணும்னுதான் அவங்க இத்தனை நாள் காத்துக்கிட்டு இருக்காங்க. அவ்வளவு நீளமாக நான் வேற்று மனிதரிடம் அதற்கு முன் பேசியதே இல்லை.

அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு விடுவிடுவென்று ரேழிக்குள் போனாள்.

"இத பாரும்மா. விடிஞ்சா கடலுக்கு ஆம்பளைய அனுப்புற சனம் நாங்க. குப்பத்துல பாதிப்பேரு புருசனக் கடலுக்குக் குடுத்தவங்க. எதிர்ல யாரு வராங்கன்னு பாத்துக்கினு நின்னா ஒரு போட்டும் எறங்காது. வா, வந்து இன்னா ஹாரனுன்னு காட்டு."

சொல்லிவிட்டு மாமியின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். மாமி மடிசார்த் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன்னை யாரும் தொட்டு எத்தனையோ நாளானவர் போல, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லாரிக்காரர் ஓட்டினார். மாமி இடது பக்கம். நாங்கள் இருவரும் பின்னால். கடற்கரைக்குப் போனோம். மாமி மாட்டுக்கு அடித்தார், கிழவிக்கு அடித்தார். அந்த அம்மாள் முன்சீட்டின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டாள். இது யாருக்கு, அது எதுக்கு என்று விசாரித்தாள். திரும்பும்போது லாரிக்காரர் மட்டும் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார், இத வலது பக்கம் மாத்திக்கினா சுளுவா இருக்கும் என்று.

நான் மாமியின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"நீ சொம்மா இரு" என்றாள் அந்த அம்மாள். "லாரில நீ அடிக்கிற ஹாரனுக்கு ஊரே உன்னத் திட்டுது. இது எங்கையில இருக்கட்டும். நீ ஓட்டு, நான் வழி கேக்கறேன்."

"கல்யாணத்துல உன்னிய எப்டி முன்னாடி ஒக்கார வெப்பாங்க?"

"பட்டுப்பொடவ கட்டிக்கினு ஒக்காந்தா மாப்ள வூட்டுக்காரின்னு நெனச்சிக்குவாங்க."

மாமி சிரித்தார். மாமா போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன்.

வண்டி அவர்களுக்கு என்று ஆனபின் இரண்டு நாள் அந்த அம்மாள் வந்து மாமியிடம் ஹாரன் படித்தாள். ஆடிக்கு முந்தின நாள் மாமி கிளம்பினார். சென்ட்ரலுக்கு அவர்களே காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லி வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டு, முன்சீட்டை மாமிக்கு விட்டுவிட்டாள்.

நான் வேண்டுமென்றே கேட்டுக்கு வெளியே போய், வழியில், மாமிக்கு எதிரே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வண்டி நகர்ந்தது. மாமியா சொல்லிக்கொள்ளாமல் போகிறார் என்று கேட் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரு முனையில் பச்சைக் கித்தான் திரும்பியது. அப்போது கேட்டது. குட்டியாய் இரண்டு, கடைசியில் ஒரு நீளம். போகும்போது மாமி அதை ஒருநாளும் அடித்ததில்லை. அது வரும்போது அடிக்கிறது.

கேட்டைத் திறக்க என் கை தானாகப் போனது. அது திறந்துதான் இருந்தது. பதில் சொல்ல என்னிடம் ஹாரனும் இல்லை, கூப்பிடத் தைரியமும் இல்லை. தெருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது.